எம்விபி கணிப்பு: ஆட்டக்காரரைப் பார்ப்பதா, வாக்காளரைப் பார்ப்பதா?

2025 ஏப்ரலில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. வட அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவின் சீசன் முடியப்போகும் நேரம். எம்விபி, அதாவது அந்த சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, யாருக்குக் கிடைக்கும் என்று யாரோ போட்ட கணிப்பு அது. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டருக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல், நிகோலா யோகிச்சுக்குப் பத்துக்கும் கீழே. டொரான்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் உடனே பொங்கிவிட்டான். "அண்ணா, யோகிச்சை விட ஷே ஒன்பது மடங்கு பெரிய ஆளா? எவன் போட்ட கணக்கு இது?"

கேள்வியில் கோபம் இருந்ததே தவிர, அவன் முட்டாள்தனமாக எதுவும் கேட்டுவிடவில்லை. குழுவில் பாதிப்பேர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் இந்தச் சண்டை வரும். "இவன்தான் பெஸ்ட்" என்று ஒருவர் சொல்வார், "இவனுக்குத்தான் கொடுப்பாங்க" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் வேறு வேறு பேச்சு என்பது இருவருக்குமே உறைக்காது. அதை விளக்கி அன்றைக்கு நீளமாகத் தட்டியதன் விரிவுதான் இந்தக் கட்டுரை. கூடைப்பந்து அதிகம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

எண்ணிக் கொடுப்பதும், வாக்களித்துக் கொடுப்பதும்

ஐபிஎல்லில் ஆரஞ்சுத் தொப்பி இருக்கிறது. யார் அதிக ரன் எடுத்தார்களோ அவர் தலையில் ஏறும். அதற்கு நடுவர் வேண்டாம், விவாதம் வேண்டாம், கூட்டத் தெரிந்தால் போதும். என்பிஏவிலும் இப்படி ஒன்று உண்டு: ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக யார் அதிகப் புள்ளிகள் எடுத்தாரோ அவர் அந்த சீசனின் ஸ்கோரிங் சாம்பியன். அதில் யாருடைய கருத்துக்கும் இடமில்லை.

எம்விபி அந்த ரகம் கிடையாது. அது பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி. பட்டிமன்றத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுபவர், எந்த அணி சொல்வது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வாரா? நடுவர் யார், இதற்கு முன் எப்படித் தீர்ப்புச் சொன்னார், இன்றைக்குக் கூட்டம் எதற்குக் கைதட்டியது என்று பார்ப்பார். பேச்சாளரின் வாதமும் முக்கியம்தான், ஆனால் அது நடுவரின் காது வழியாகத்தான் தீர்ப்பில் போய்ச் சேரும்.

விருதைக் கணிப்பதும் அதே வேலை. யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு உங்களுக்குச் சொந்தமாக ஒரு விடை இருக்கலாம். கணிக்க உட்கார்ந்தால் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வாக்களிப்பவர்கள் எதைப் பார்த்து அசைவார்கள் என்று யோசிக்க வேண்டும். கேட்க எளிது. எனக்கே நான்கைந்து சீசன் பிடித்தது.

நூறு பேர், ஐந்து பெயர்

அந்த நடுவர்கள் யார்? என்பிஏ ஆட்டங்களைத் தொடர்ந்து எழுதும், ஒளிபரப்பும் செய்தியாளர்கள். இப்போது சுமார் நூறு பேர். ஒவ்வொருவரும் தம் வாக்குச்சீட்டில் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலிடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 7, பிறகு 5, 3, 1 என்று புள்ளிகள். ஆட்டத்தில் எடுக்கும் புள்ளியோடு குழம்பாமல் இருக்க இதை வாக்குப் புள்ளி என்று சொல்லிக்கொள்வோம். மொத்த வாக்குப் புள்ளி யாருக்கு அதிகமோ அவருக்கு விருது.

எங்கள் குழு அடித்துக்கொண்ட 2025ஐயே எடுத்துக்கொள்ளலாம், கணக்கு அழகாக வரும். ஷேவுக்கு 71 பேர் முதலிடம் கொடுத்தார்கள். மீதி 29 பேரும் அவரை இரண்டாவதாக எழுதினார்கள். 71 பத்து 710, 29 ஏழு 203, ஆக 913. யோகிச்சுக்கு அப்படியே தலைகீழ்: 29 முதலிடம், 71 இரண்டாமிடம். 290 கூட்டல் 497, மொத்தம் 787. நூறு பேரில் ஒருவர்கூட இந்த இருவரையும் தவிர வேறு யாரையும் முதல் இரண்டு இடங்களில் எழுதவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 913க்கு 787. இதில் ஒன்பது மடங்கு எங்கே இருக்கிறது? யோகிச் நல்ல ஆட்டக்காரர் என்பதில் அந்த நூறு பேருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் நூறில் எழுபது பேர் ஷேவின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், முடிவு ஏறக்குறைய உறுதி. தேர்தலில் ஒரு வேட்பாளர் ஐம்பத்தைந்து சதவீத வாக்கு வாங்குவார் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஐம்பத்தைந்து சதவீதம் என்றா சொல்வோம்? நூறு என்போம். வாக்கு விகிதம் வேறு, வெற்றி வாய்ப்பு வேறு. குழுவில் வந்த படம் சொன்னது இரண்டாவதை.

இந்த 10-7-5-3-1 முறையில் ஒரு சூட்சுமமும் உண்டு. முதலிட வாக்கு அதிகம் வாங்கியவர் தோற்கலாம். 1990இல் சார்ல்ஸ் பார்க்லிக்கு 38 முதலிட வாக்குகள், மேஜிக் ஜான்சனுக்கு 27தான். ஆனாலும் விருது மேஜிக்குக்கு: 636க்கு 614. பார்க்லியை முதலிடத்தில் வைக்காதவர்கள் அவரைக் கொஞ்சம் கீழேயே தள்ளிவிட்டார்கள். மேஜிக்கையோ எல்லோரும் மேலேயே வைத்திருந்தார்கள். சிலருக்கு உயிர், பலருக்கு ஆகாது என்ற ஆளை விட, எல்லோருக்கும் ஓரளவு பிடித்த ஆள் இந்த முறையில் தப்பிப்பார்.

நடுவர் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு இந்த விருதின் வரலாறே சாட்சி. 1980 வரை எம்விபியைத் தேர்ந்தெடுத்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். அதற்குப் பிறகுதான் செய்தியாளர்கள் கைக்கு வந்தது. 1962இல் வில்ட் சேம்பர்லேன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. அந்த ஆண்டு எம்விபி பில் ரஸ்ஸல். எதிரே நின்று மோதியவர்கள் கொடுத்த வாக்கு அது. இன்றைய செய்தியாளர்கள் கையில் அதே சீட்டைக் கொடுத்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்களிப்பது 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசன் முடிந்தவுடன். கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் அதற்கு அப்புறம்தான். 2007இல் டிர்க் நோவிட்ஸ்கியின் டல்லஸ் 67 ஆட்டங்களில் வென்றது. பிளேஆஃப் முதல் சுற்றிலேயே, எட்டாம் இடத்திலிருந்து வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்று வெளியேறியது. அதற்குப் பிறகு அவரை அழைத்து எம்விபி கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படங்களில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். "பிளேஆஃபில் சொதப்பியவனுக்கு எம்விபியா" என்று கேட்பவர்கள், சீட்டு எப்போதோ பெட்டிக்குள் போய்விட்டதை மறந்துவிடுகிறார்கள். இறுதிச் சுற்றுக்கென்று தனி எம்விபி இருக்கிறது, அது வேறு கதை.

இதுவரை பார்த்ததைக் கட்டிச் சொன்னால்: விருது என்பது நூறு பேரின் தீர்ப்பு, வரிசையும் வாக்குப் புள்ளியும் சேர்ந்து முடிவு செய்வது, பிளேஆஃபுக்கு முன்பே பூட்டப்படுவது. கணிப்பவர் துரத்துவது அந்த நூறு சீட்டுகளை.

சீட்டில் பெயர் எழுதும் கை எதைப் பார்க்கிறது?

நல்ல வேளையாக, ஒவ்வொருவரும் யாருக்கு வாக்களித்தார் என்பதை 2014 முதல் என்பிஏ வெளியிடுகிறது. பழைய தீர்ப்புகள் எல்லாம் கையில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் சில வழக்கங்கள் தெரியும்.

முதலாவது, அணியின் வெற்றி. ஆட்டக்காரர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அவர் அணி நடுவாந்தரமாகத் தடுமாறினால் சீட்டில் ஏறுவது கஷ்டம். 1982இல் மோசஸ் மலோன் 46 வெற்றி பெற்ற ஹியூஸ்டன் அணியிலிருந்து எம்விபி வாங்கினார். அதற்கடுத்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில், முழு நீளம் ஆடப்பட்ட எந்த சீசனிலும், ஐம்பது வெற்றிக்குக் குறைவான அணியிலிருந்து யாரும் வாங்கவில்லை. ஆகவே "ஐம்பது வெற்றி இல்லையா, பெயரை அடி" என்று கணிப்பவர்கள் ஒரு விதியே வைத்திருந்தார்கள்.

2017இல் அந்த விதியை ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் உடைத்தார். இந்த ஒரு சீசனைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், கணிப்பு பற்றிய பாடம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

அதற்கு முந்தைய கோடையில் ஓக்லஹோமா சிட்டி அணியின் இன்னொரு தூணான கெவின் டுராண்ட், கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். தனியாக விடப்பட்ட வெஸ்ட்புரூக் ஆவேசமாக ஆடினார். சீசன் முழுக்கச் சராசரி: 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட். கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட்; சக ஆட்டக்காரர் கூடையில் போடும்படி பந்தைக் கொடுப்பது அசிஸ்ட். ஓர் ஆட்டத்தில் இப்படி மூன்று வகையில் பத்தைத் தொட்டால் அதற்கு டிரிபிள்-டபுள் என்று பெயர். சீசன் முழுவதற்கும் அதைச் சராசரியாக வைத்திருப்பது 1962இல் ஆஸ்கர் ராபர்ட்சன் செய்தது. அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் யாரும் செய்யவில்லை.

போட்டியில் இருந்த ஜேம்ஸ் ஹார்டனைப் பாருங்கள். 29.1 புள்ளி, 8.1 ரீபவுண்ட், 11.2 அசிஸ்ட். அசிஸ்ட்டில் லீகிலேயே முதலிடம். அவருடைய ஹியூஸ்டன் 55 வெற்றி. வெஸ்ட்புரூக்கின் அணியோ 47, மேற்குப் பிரிவில் ஆறாவது இடம். விதிப்படி பார்த்தால் ஹார்டன்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் 69 முதலிட வாக்குகள் வெஸ்ட்புரூக்குக்குப் போயின, ஹார்டனுக்கு 22.

ஏன்? எனக்குத் தோன்றுவது இது. எட்டு ரீபவுண்டுக்கும் பத்து ரீபவுண்டுக்கும் ஆட்டத்தில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். மனதில் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரியது. கிரிக்கெட்டில் 98க்கும் 100க்கும் இடையே இரண்டே ரன், ஆனால் மட்டையைத் தூக்கிக் காட்டுவது ஒன்றுக்குத்தான். முழு எண்ணுக்கு ஒரு மயக்கம் உண்டு. கூடவே கதை: நண்பன் விட்டுவிட்டுப் போனான், தனி ஆளாக அணியைத் தூக்கினான். ஆங்கிலப் பத்திரிகைகள் நெரேடிவ் என்று சொல்லும் சங்கதி இதுதான். ஒரு சீசனைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லும் கதை என்று வைத்துக்கொள்ளலாம். அது புள்ளிவிவரத்தில் இருக்காது, சீட்டில் இருக்கும்.

ஆனால் அதே டிரிபிள்-டபுள் சராசரியை 2025இல் யோகிச்சும் வைத்திருந்தார்: 29.6, 12.7, 10.2. அவருக்குக் கிடைத்தது இரண்டாமிடம். 2017க்குப் பிறகு வெஸ்ட்புரூக்கே இன்னும் மூன்று முறை அதைச் செய்துவிட்டார். முதல் தடவை அதிசயம், ஐந்தாம் தடவை "ஓ, மறுபடியுமா". எதிரே ஷேவின் அணி 82இல் 68 வென்றிருந்தது, அவரே 32.7 சராசரியோடு ஸ்கோரிங் சாம்பியன். ஒரே எண் எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வெவ்வேறு எடையைப் பெறுகிறது. பழைய தீர்ப்பை அப்படியே நகலெடுத்துக் கணிப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

வாக்காளர் சலிப்பு என்றும் ஒன்றைச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு ஆண்டுதோறும் எழுதிக் கை அலுத்துப்போவது. தொடர்ந்து மூன்று முறை எம்விபி வாங்கியவர்கள் பில் ரஸ்ஸல், சேம்பர்லேன், லாரி பேர்ட் என்று மூவரே. கடைசியாக நடந்தது 1986இல். 1997இல் மைக்கேல் ஜார்டனின் சிகாகோ 69 ஆட்டங்களில் வென்றும் விருது 64 வென்ற யூட்டாவின் கார்ல் மலோனுக்குப் போனது. சலிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், மலோனும் பிரமாதமாகத்தான் ஆடினார். ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்த முடிவைப் பார்ப்பவர் புருவம் உயர்த்தத்தான் செய்கிறார்.

சுருக்கமாக: அணியின் வெற்றி, தனிப்பட்ட எண்கள், கதை, ஏற்கெனவே வாங்கிய விருதுகள். நான்கும் முக்கியம், ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்பது ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

இரண்டு பேருந்து பிடிக்க வேண்டிய பயணம்

2023-24 சீசனிலிருந்து புதிய நிபந்தனை வந்தது. எம்விபி உள்ளிட்ட முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெறக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். சும்மா தலைகாட்டினால் போதாது. 20 நிமிடமாவது களத்தில் நின்றால்தான் அது ஓர் ஆட்டமாகக் கணக்கு. இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் 15 நிமிடம் போதும் என்று சலுகை. ஆக, 82இல் 17 தவறலாம், பதினெட்டாவது தவறினால் போச்சு. சீசனை முடித்துவிடும் காயத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கும் 62 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 1978இல் பில் வால்டன் 58 ஆட்டங்களிலேயே எம்விபி வாங்கினார். இன்று அவர் பெயர் சீட்டிலேயே வராது.

இது கணிப்பையே வேறு கணக்காக மாற்றிவிட்டது. ஊரிலிருந்து சென்னைக்கு நேர் பேருந்து இல்லை, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வையுங்கள். முதல் பேருந்து நேரத்துக்குப் போய்ச் சேர 60 சதவீத வாய்ப்பு. சேர்ந்துவிட்டால் அடுத்ததில் இடம் கிடைக்க 80 சதவீதம். சென்னை போய்ச் சேரும் வாய்ப்பு 80ம் இல்லை, 60ம் இல்லை. இரண்டையும் பெருக்க வேண்டும்: 48. விருதும் அப்படியே. தகுதி பெறும் வாய்ப்பையும், தகுதி பெற்றால் ஜெயிக்கும் வாய்ப்பையும் தனித்தனியாகப் பார்த்துப் பெருக்க வேண்டும்.

2024 ஜனவரி 22 அன்று ஜோயல் எம்பீட் சான் ஆண்டோனியோவுக்கு எதிராக 70 புள்ளி எடுத்தார். முந்தைய ஆண்டின் எம்விபியும் அவரே. மறுநாள் காலை குழுவில் "இந்த வருஷமும் இவனுக்கே எழுதி வெச்சாச்சு" என்று செய்திகள் குவிந்தன. அவர் முழங்கால் வரலாறோ எல்லோருக்கும் தெரிந்தது, அனுமதிக்கப்பட்ட விடுப்பில் பெரும்பகுதி அதற்குள்ளேயே தீர்ந்திருந்தது. ஜனவரி 30 அன்று கோல்டன் ஸ்டேட் ஆட்டத்தில் முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் மொத்தம் ஆடியது 39 ஆட்டங்கள். இரண்டாம் பேருந்தில் இடம் உறுதியாக இருந்தது, முதல் பேருந்துதான் வழியில் நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு விக்டர் வெம்பன்யாமாவுக்கும் இதே கதி. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான் என்று பிப்ரவரி வரை எல்லோரும் நம்பினார்கள். தோளில் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு 46 ஆட்டங்களோடு சீசன் முடிந்தது. விருது ஈவன் மோப்லிக்குப் போனது.

எழுபது சதவீதம் என்றால் என்ன?

வானிலை அறிக்கையில் "மழைக்கு 70 சதவீத வாய்ப்பு" என்று போடுகிறார்கள். குடையை எடுத்துக்கொண்டு போகிறோம், மழை வரவில்லை. அறிக்கை பொய்யா? ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. எழுபது என்று சொன்ன நூறு நாட்களை எடுத்துக்கொண்டு, அதில் ஏறக்குறைய எழுபது நாள் மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும். பெய்திருந்தால் சொன்னவர் சரி. நூறு நாளும் பெய்திருந்தால்கூட அவர் கணக்கில் கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்! சொன்ன வாய்ப்பும் நடந்த விகிதமும் ஒத்துப்போவதைத்தான் கணிப்பின் துல்லியம் என்று இங்கே சொல்கிறேன்.

எம்விபி ஆண்டுக்கு ஒன்றுதான். பத்து ஆண்டு கணித்தாலும் பத்தே விடைகள். அதனால் "போன மூன்று வருஷமும் சரியாகச் சொன்னேன்" என்பவரை நான் பெரிதாக நம்புவதில்லை. அநேகமாக மூன்று ஆண்டும் எல்லோரும் சொன்ன பெயரைத்தான் அவரும் சொல்லியிருப்பார்.

சரி, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மூன்று ஊற்றுகள்.

ஒன்று, கணித மாதிரி. பழைய ஆண்டுகளின் எண்களையும் வாக்கு முடிவுகளையும் ஒப்பிட்டு, எது எவ்வளவு எடை பெற்றது என்று கண்டுபிடித்து, அதே எடையை இந்த ஆண்டின் ஆட்டக்காரர்கள் மீது போடும் சூத்திரம். பேஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் இணையதளம் எம்விபிக்கு இப்படி ஒரு பட்டியல் போடுகிறது. இதன் பலம், இதற்கு ரசிக மனம் கிடையாது. பலவீனமும் அதுவே. நண்பன் விட்டுப்போன கதை சூத்திரத்துக்குத் தெரியாது.

இரண்டாவது, மாதிரி வாக்கெடுப்பு. ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு ஊடகத்தின் செய்தியாளர் டிம் பான்டெம்ப்ஸ் சீசன் நடுவே நூறு செய்தியாளர்களிடம் "இன்றைக்கு வாக்களித்தால் யாருக்கு?" என்று கேட்டு வெளியிடுவார். நடுவரிடமே போய்க் கேட்பது போன்றது இது, ஆகவே மிக உபயோகமானது. ஆனால் அது கேட்ட நாளின் படம் மட்டுமே. 2023 பிப்ரவரியில் கேட்டபோது யோகிச் பெரிய முன்னிலையில் இருந்தார். தொடர்ந்து மூன்றாவது எம்விபி கையெட்டும் தூரத்தில். மார்ச்சில் அவருடைய டென்வர் அணி சறுக்கியது. மூன்றாவது முறை கொடுப்பது சரியா என்று தொலைக்காட்சிகளில் கடும் வாக்குவாதம். ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டனுக்கு எதிராக எம்பீட் 52 புள்ளி போட்டார். கடைசியில் எம்பீட்டுக்கு 73 முதலிட வாக்குகள், யோகிச்சுக்கு 15. இரண்டு மாதத்தில் தலைகீழ். ஜூனில் யோகிச் கோப்பையைத் தூக்கினார் என்பது தனி வேடிக்கை.

மூன்றாவது, பந்தயச் சந்தை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டப்படி நடப்பது. பந்தயம் கட்டச் சொல்லவில்லை, அந்த விலையைப் படிக்கத் தெரிந்தால் போதும். 100 கட்டி ஜெயித்தால் முதலோடு சேர்த்து 125 கிடைக்கும் என்றால், நூறை 125ஆல் வகுங்கள்: 80 சதவீதம். அதுதான் அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இப்படி வகுத்துக் கூட்டினால் 100க்கு மேல் வரும், 108 என்று வைத்துக்கொள்வோம். அந்த மேல்மிச்சம் கடைக்காரரின் லாபம். ஆகவே சந்தை காட்டும் எண் எப்போதும் கொஞ்சம் ஊதியது. அதைக் குறைத்துத்தான் படிக்க வேண்டும். குழுவில் வந்த அந்தப் படமும் இப்படிப்பட்ட விலையிலிருந்து எடுத்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், சீசன் தொடக்கத்தில் கணித மாதிரி, நடுவில் வாக்கெடுப்பு, கடைசி வாரத்தில் சந்தை என்பேன். கடைசி வாரத்தில் வாக்காளர்களே தங்கள் சீட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் எழுதவும் தொடங்கிவிடுகிறார்கள். சந்தை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்போது வரும் தொண்ணூறு சதவீதத்தில் கணிப்பு கொஞ்சம், ஒட்டுக்கேட்டது நிறைய.

மற்ற விருதுகள், வேகமாக

எம்விபிக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சிறந்த புதுமுகம் விருதுக்கு 65 ஆட்ட நிபந்தனையே கிடையாது. அங்கே சண்டை வேறு மாதிரி வரும். 2018இல் பென் சிம்மன்ஸ் வாங்கினார். அவரை அணி தேர்ந்தெடுத்தது 2016இல், காயத்தால் முதல் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தார். ஓராண்டு அணியோடு பழகியவர் புதுமுகமா என்று போட்டியாளர் டோனவன் மிட்செல், அகராதி விளக்கம் அச்சிட்ட மேலாடையைப் போட்டுக்கொண்டே வந்தார். விதிப்படி புதுமுகம்தான், விருதும் சிம்மன்ஸுக்கே.

தடுப்பாட்ட விருதில் நல்ல எண்கள் குறைவு என்பதால் பழைய பெயருக்கு மவுசு அதிகம், அதுவும் உயரமானவர்களுக்கு. 1996இல் கேரி பேட்டனுக்குப் பிறகு, வெளிவட்டத்தில் ஆடும் கார்டு ஒருவர் அதை வாங்கியது 2022இல், மார்கஸ் ஸ்மார்ட். பெஞ்சிலிருந்து வருபவருக்கான ஆறாவது ஆட்டக்காரர் விருது அநேகமாக அதிகப் புள்ளி எடுப்பவருக்குப் போகும். மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருதை நான் கணிப்பதே இல்லை. முன்னேற்றம் என்றால் என்ன என்று வாக்காளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

பயிற்சியாளர் விருதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதற்கு ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. சீசனுக்கு முன் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், உண்மையில் எத்தனை ஜெயித்தது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் பயிற்சியாளர் கெட்டிக்காரர் என்று எழுதிவிடுவார்கள். பதினாறு ஆண்டுகள் பிளேஆஃப் பக்கமே போகாத சாக்ரமெண்டோவை 2023இல் உள்ளே கொண்டுபோன மைக் பிரவுனுக்கு எல்லோரும் முதலிடம் கொடுத்தார்கள். பதினொரு கோப்பை வென்ற பில் ஜாக்சனுக்கு இந்த விருது ஒரே ஒரு முறைதான், 1996இல். அவரிடம் எல்லோரும் கோப்பையையே எதிர்பார்த்தார்கள், கழிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்த விருதில் தம்பிக்குச் சொந்தக் கதை உண்டு. 2018இல் அவனுடைய டொரான்டோ ராப்டர்ஸ் 59 ஆட்டங்களில் வென்றது, அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் நான்குக்குப் பூச்சியம் என்று நசுங்கியது. மே மாதம் பயிற்சியாளர் ட்வேன் கேசியை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஜூன் கடைசியில் விருது விழா. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்: ட்வேன் கேசி. அதற்குள் அவர் டெட்ராய்ட் அணியில் சேர்ந்துவிட்டிருந்தார்.

வாக்களித்தது ஏப்ரலில், நீக்கியது மே மாதம், கோப்பை கொடுத்தது ஜூனில் என்று நான் பொறுமையாக எழுதி அனுப்பினேன். சீட்டு, வாக்குப் புள்ளி, கழித்தல் கணக்கு எல்லாம் சேர்த்து மூன்று பத்தி. தம்பி ஒரு வரியில் பதில் போட்டான்: "அதெல்லாம் சரி அண்ணா, அந்தக் கோப்பை எந்த ஊர் அலமாரியில இருக்கும்?"